இலவச மீட்டரும் காலியாகும் ஸ்ட்ரிப் டப்பாவும்: அம்மாவுக்கு உண்மையில் எத்தனை வேண்டும்?

கேள்வி: ‘என் அம்மாவுக்கு 61 வயது. ஒன்பது ஆண்டுகளாக டைப் 2 சர்க்கரை நோய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். இன்சுலின் கிடையாது. கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு முகாமில் சர்க்கரை பார்க்கும் மீட்டரை இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்குரிய ஸ்ட்ரிப் எங்கள் பக்கம் ஒரே கடையில்தான் கிடைக்கிறது. 50 ஸ்ட்ரிப் 1,150 ரூபாய். முகாமில் சொன்னபடி தினமும் இரண்டு வேளை பார்க்கிறோம், டப்பா ஒரு மாதம்கூட வருவதில்லை. இப்போது ஒருவர், 600 ரூபாய் கட்டினால் அரசுத் திட்டத்தில் பெயர் சேர்த்து மாதாமாதம் ஸ்ட்ரிப் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? டப்பாவில் இன்னும் 14 ஸ்ட்ரிப் மீதமிருக்கிறது.’
- ஒரத்தநாடு வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீது கேளுங்கள், தரமாட்டார். ஆதார் நகலையோ, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையோ கொடுத்திருந்தால் அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

நம் அரசுத் திட்டங்களில் சர்க்கரை நோயாளிக்கு எது உண்டு, எது இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெளிவு இல்லாததால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். வீட்டில் வைத்து நீங்களே பார்த்துக்கொள்ள ஸ்ட்ரிப் டப்பா கொடுப்பது அந்தத் திட்டத்தின் வேலை அல்ல. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. அதைக் காட்டி ஸ்ட்ரிப் வாங்க முடியாது. அந்த அட்டை உங்களுக்கு இல்லையென்றால் வருமானச் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்கு நேரில் போங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை, இடையில் ஆள் தேவையில்லை.

ஆனால் பரிசோதனை இலவசம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உள்ள தொற்றா நோய்ப் பிரிவில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. மாத்திரை வாங்கப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போய் ஒரு முறை, அங்கேயே கையில் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டு முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். ‘ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள்’ என்று சொல்வார்கள், எனக்குத் தெரியும். அப்போது 104 என்ற எண்ணுக்கு அழைத்து நிலையத்தின் பெயரையும் நாளையும் சொல்லிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். கைக்காசு போட்டுத் தனியார் லேபில் பார்த்துவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்துவிடுவதால், தட்டுப்பாடு யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

அடுத்தது, உங்கள் பணம் எங்கே கரைகிறது என்பது. தினமும் இரண்டு வேளை பார்க்கச் சொன்னவர் யார்? அம்மாவின் டாக்டரா, முகாமில் மீட்டர் கொடுத்தவரா? மீட்டரை இலவசமாகக் கொடுப்பது தருமம் அல்ல, வியாபாரம். ஒரு மீட்டருக்கு அதற்கென்று செய்த ஸ்ட்ரிப்பைத்தான் போட முடியும், மற்ற கம்பெனி ஸ்ட்ரிப் பொருந்தாது. மீட்டர் வீட்டுக்குள் வந்துவிட்டால் அதன் ஸ்ட்ரிப்பை நீங்கள் காலமெல்லாம் வாங்கியாக வேண்டும். அதனால் மீட்டரின் விலையை யாரும் கேட்காதீர்கள், ஸ்ட்ரிப்பின் விலையைக் கேளுங்கள். உங்களுக்கு ஒரு ஸ்ட்ரிப் 23 ரூபாய் விழுகிறது. அதில் பாதி விலைக்கும் குறைவாக, நம்பத்தகுந்த ஸ்ட்ரிப்புகள் சந்தையில் இருக்கின்றன. மக்கள் மருந்தகங்களில் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் விற்கிறார்கள். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று கடைகளில் கிடைக்கும் ஸ்ட்ரிப் எது என்று விசாரித்துவிட்டு, அதற்குரிய மீட்டரைக் காசு கொடுத்தே வாங்கினாலும் சில மாதங்களில் அந்தப் பணம் திரும்பிவிடும். இலவச மீட்டரைத் தூக்கிப் போட மனம் வராது. கையில் இருக்கும் ஸ்ட்ரிப் தீர்ந்ததும் போடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. டப்பாவில் பழைய விலை அச்சாகியிருந்தால், வரி குறைந்த பிறகு உள்ள விலை என்ன என்று கடைக்காரரிடம் கேளுங்கள், பில்லும் கேளுங்கள். ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் பொருளுக்கு யாரும் விலை குறைக்க மாட்டார்கள் என்பதையும் அந்தக் கடைக்காரர் உங்களுக்குக் கற்றுக் கொடுப்பார்.

மலிவு என்றதும் டப்பாவைப் பிரித்துப் பத்துப் பத்தாகக் கவரில் போட்டுத் தரும் கடைக்குப் போய்விடாதீர்கள். ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது ஒரு நொதி. ஈரக்காற்று பட்டால் அது கெட்டுப்போகும். பிறகு மீட்டர் காட்டுவது வெறும் எண். டப்பாவின் மூடிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதற்காகத்தான். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கத்திலும் வைக்கக் கூடாது. டப்பாவைத் திறந்த நாளைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். திறந்த பிறகு மூன்று மாதமா ஆறு மாதமா என்று அட்டையில் போட்டிருக்கும். இணையத்தில் பாதி விலை என்று காட்டினால் காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு மாதத்தில் காலாவதியாகும் சரக்கைத் தள்ளிவிடுவது வாடிக்கை. சிங்கப்பூரிலிருந்து உறவினர் கொண்டுவந்த மீட்டர் என்றால் அதன் அளவே வேறு. அங்கே 7 என்று காட்டினால் அதை 18-ஆல் பெருக்கி 126 என்று படிக்க வேண்டும்.

குத்தாமலே சர்க்கரை சொல்லும் கைக்கடிகாரம், மோதிரம் என்று முகாமில் விற்றால் காதே கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் அனுமதி தரவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. முகாமில் ஒரே ஊசிக் கருவியால் வரிசையாக எல்லோர் விரலையும் குத்தினால் அம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமி அப்படிப் பரவும்.

இனி, எத்தனை முறை பார்ப்பது? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிற, இன்சுலின் போடாத ஒருவர் தினமும் விரலைக் குத்திக்கொள்வதால் சொல்லும்படியான பயன் இல்லை. அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் இன்சுலின் போடாத 450 டைப் 2 நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. தினமும் வீட்டில் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் மூன்று மாதச் சராசரியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அந்தச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையைத்தான் அம்மாவுக்கு நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நிலையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லையென்றால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் அம்மா மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த இரண்டாவது பெயரில்தான் என் கண் நின்றது. கிளிமிபிரைடு.

‘இன்சுலின் கிடையாது, மாத்திரைதான்’ என்று நிம்மதியாகச் சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லாசைடு ஆகியவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. நடவுக் காலத்தில் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, நீராகாரம் குடித்துவிட்டு வயலுக்குப் போகிற பெண்ணுக்குப் பதினொரு மணிக்குச் சர்க்கரை இறங்கும். ஏகாதசி விரதம், ரமலான் நோன்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி என எந்தக் காரணத்தால் சாப்பாடு குறைந்தாலும் இதுதான் நடக்கும். சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கு மாத்திரையின் வேகம் உடலில் நீடித்து நிற்கும். அதனால் ஆண்டுக்கு ஒரு முறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்த்தாக வேண்டும். பல நோட்டுகளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டியைப் பக்கவாதம் என்று என்னிடம் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் கை விழுந்திருந்தது, பேச்சுக் குழறியது. இரண்டு நாளாக வாந்தி, சாப்பாடே இல்லை, ஆனால் மாத்திரையை மட்டும் விடாமல் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை 38. குளுக்கோஸ் ஏற்றியதும் கை எழுந்தது. வீட்டார் மகிழ்ச்சியோடு அழைத்துப் போகக் கிளம்பினார்கள்; நான் விடவில்லை. இந்த மாத்திரையால் இறங்கும் சர்க்கரை, ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இறங்கும். அன்றிரவே இறங்கியது. அந்த வீட்டில் ஒரு மீட்டரும் ஐந்து ஸ்ட்ரிப்பும் இருந்திருந்தால், முதல் நாள் வாந்தியிலேயே தெரிந்திருக்கும்.

இந்த மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. அது சரியான காரியம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளையும் அதே மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அதுவும் சரியான காரியம். சர்க்கரையை இறக்கிவிடக்கூடிய மாத்திரையை வீட்டு வாசலில் கொடுக்கத் தெரிந்த ஏற்பாட்டுக்கு, அதோடு பத்து ஸ்ட்ரிப்பைச் சேர்த்துக் கொடுக்க ஏன் தெரியவில்லை? எல்லா நோயாளிக்கும் கேட்கவில்லை. இன்சுலின் போடுபவர்களுக்கும் இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மட்டும் கொடுத்தால் போதும். தேவைப்படாதவர் கடையில் மாதம் ஆயிரம் ரூபாய் கொட்டுகிறார், தேவைப்படுபவரிடம் ஒன்றுகூட இல்லை. இதை எத்தனை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

ஆக, அந்த 14 ஸ்ட்ரிப்பை இப்படிச் செலவழியுங்கள். ஆறை எடுத்துத் தொடாமல் வையுங்கள் (அதே டப்பாவுக்குள்தான், தனியே எடுத்து வைக்காதீர்கள்). வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், தடுமாற்றம் ஆகிய எது வந்தாலும் அந்த ஆறில் ஒன்று. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஸ்ட்ரிப்பைத் தேட நேரமாகும் என்றால் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

மீதி எட்டை ஒரே வாரத்தில், வேறு வேறு நாளில் பயன்படுத்துங்கள். ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும், இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு, மூன்றாவது நாள் இரவுச் சாப்பாட்டுக்கு. மிச்சமிருக்கும் இரண்டை, அம்மா அதிகம் நடந்து வேலை செய்யும் இரண்டு நாட்களில் முற்பகல் 11 மணிக்குப் பயன்படுத்துங்கள். அந்த 11 மணி எண்தான் எனக்கு முக்கியம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் பார்த்தால் 300 காட்டும், வீடே கலங்கிப்போகும். ஒரு முறை 182, அடுத்த நிமிடம் 197 என்று வந்தால் மூன்றாவது ஸ்ட்ரிப்பைச் செலவழிக்காதீர்கள். சர்க்கரை 100-க்கு மேல் இருக்கும்போது மீட்டர் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டுவதைத் தரக்கட்டுப்பாட்டு விதியே ஏற்கிறது.

எண்களைத் தேதி, நேரம், என்ன சாப்பிட்டார் என்பதோடு அம்மாவின் நோட்டில் எழுதி, அடுத்த முறை மாத்திரை வாங்கும்போது டாக்டரின் முன் விரித்து வையுங்கள். 11 மணிக்கு 80, 85 என்று இருந்தால், ‘கிளிமிபிரைடு அளவைக் குறைக்கலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா?’ என்று நேராகக் கேளுங்கள். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த டப்பா வாங்கும்போது 50 வேண்டாம், 25 போதும். இந்த வேகத்தில் 50 வாங்கினால், திறந்த டப்பாவின் கெடு முடியும்போது பாதிக்கு மேல் மீந்திருக்கும்.