பெயர் எழுதாத மினியேச்சர் பீரங்கியை எப்படி அடையாளம் காண்பது?

நெப்போலியன் காலப் போர் விளையாட்டுக்கான பீரங்கியா? முதலில் வண்டியின் வாலைப் பாருங்கள். வால் என்பது சக்கரங்களுக்குப் பின்னால் தரையில் ஊன்றி நிற்கும் பகுதி. பிரெஞ்சு வண்டியில் அது இரண்டு பக்கப் பலகைகள். பிரிட்டிஷாரின் 6, 9 பவுண்டு பீரங்கிகளில் (பவுண்டு என்பது சுடும் குண்டின் எடை) ஒரே தடித்த கட்டை. காரணம், ஒவ்வொரு நாடும் பீரங்கியும் வண்டியும் செய்யத் தனக்கென ஓர் அளவுமுறை வைத்திருந்தது. பிரான்சில் 1765-இல் வந்தது கிரிபோவால் முறை. முகம் தெரியாத தூரத்திலும் தெரிந்தவரை நடையை வைத்துச் சொல்லிவிடுவோமே, அதே மாதிரிதான்.

அப்புறம் குழல். அசல் கிரிபோவால் பீரங்கிக் குழல், வாய் அகலத்தைப் போலச் சுமார் 18 மடங்கு நீளம். குட்டையாக, வாய் அகன்றிருந்தால் ஹௌவிட்சர், அதாவது குண்டை வளைவாக மேலே எறியும் பீரங்கி.

பச்சை வண்டி என்றாலே பிரெஞ்சு என்று முடிவு கட்டாதீர்கள். அது முன்பு வைத்திருந்தவர் பூசிய நிறமாகவும் இருக்கலாம்.