வார்ட்பர்க் கோட்டை: இன்று நாம் பார்ப்பது 1067இல் கட்டியதுதானா?

சுருக்கமாகச் சொன்னால், இல்லை. ஜெர்மனியில் ஐசனாக் ஊருக்கு மேலே நிற்கும் இந்தக் கோட்டையை 1067இல் லுட்விக் என்ற பிரபு தொடங்கினார் என்பது வழிவழியாக வரும் கதை. அந்தக் குன்று அவருடையதே இல்லையாம். சொந்த ஊர் மண்ணைச் சுமந்து வந்து கொட்டி, 12 வீரர்களை அதில் வாளை ஊன்றி 'இது எங்கள் பிரபுவின் மண்தான்' என்று சத்தியம் செய்ய வைத்தாராம். பலே ஆள்! எழுத்தில் கோட்டையின் பெயர் முதலில் வருவது 1080இல்.

இப்போது இருப்பதில் மிகப் பழையது 12ஆம் நூற்றாண்டு அரண்மனைப் பகுதி. மற்றதில் பெரும்பங்கு 19ஆம் நூற்றாண்டில் இடைக்காலப் பாணியில் திரும்பக் கட்டியது.

நடுவில் நடந்ததுதான் சுவாரசியம். 1521இல் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் தாடி வளர்த்து, 'யோர்க்' என்ற பெயரில் இங்கே ஒளிந்திருந்தார். சில வாரங்களிலேயே பைபிளின் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்து முடித்தார். சாத்தான் மேல் மைக்கூட்டை எறிந்தார் என்ற கதையும் உண்டு. அதனால் சுவரில் விழுந்ததாகச் சொல்லும் மைக்கறையைப் பிற்காலத்தில் அவ்வப்போது புதுப்பித்தார்களாம்! 1999இல் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.