போல்ரூம் நடனத்தில் ஸ்டெப் எல்லாம் பாடம், ஆனாலும் ஆட்டம் கனமாகத் தெரிகிறது. என்ன செய்யலாம், எந்தச் சப்பாத்து வாங்கலாம்?

கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள், சிறு வயதில் பரதம் படித்தீர்கள், இப்போது கணவரோடு போல்ரூம், அதாவது ஜோடியாக ஆடும் மேற்கத்திய நடன வகுப்புக்குப் போகிறீர்கள். மூன்று எண்ணுக்கு ஆடும் வோல்ட்ஸும், லத்தீன் வகையான ச்சா ச்சாவும் ஸ்டெப் மறக்காமல் வருகின்றன. ஆனால் ஆட்டம் கனமாக இருக்கிறது என்று மிஸ் சொல்கிறார். கொஞ்ச நேரம் ஆடினாலே முன்பாதம் எரிகிறது. போடுவது கலியாண வீட்டுக்கென்று வாங்கிய ஹை ஹீல்ஸ்.

நானும் கொழும்பில் பல வருடமாக ஆடுகிறேன், இப்போது புதிதாக வருகிறவர்களோடு சேர்ந்து பயிற்சியும் செய்கிறேன். என் அபிப்பிராயத்தில் நீங்கள் கொஞ்ச நாளைக்குப் புது ஸ்டெப் எதுவும் படிக்க வேண்டாம். எல்லோரும் அடுத்து வைக்கப் போகும் காலையே நினைக்கிறார்கள். ஆட்டத்தின் அழகு நிற்கிற காலில் இருக்கிறது. உங்கள் ஆட்டம் கனமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் அந்தக் கால்தான் காரணம். பாதம் எரிவதில் அதற்கும் பங்கு உண்டு, சப்பாத்துக்கும் பங்கு உண்டு.

வோல்ட்ஸில் முன்னால் போகும் ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். பழகாதவர்கள் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, மற்றக் காலைத் தூக்கி முன்னே வைத்துவிட்டு, பிறகு உடம்பை அதன்மேல் போடுகிறார்கள். ஒவ்வோர் அடியும் சின்னதாக ஒரு விழுகை ஆகிவிடுகிறது. சரியாகச் செய்தால் முதலில் நிற்கிற காலின் முழங்காலும் கணுக்காலும் மெதுவாக மடங்கும். உடம்பின் பாரம் அந்தப் பாதத்தின் முன்பக்கத்துக்கு நகரும். உடம்பு புறப்பட்ட பிறகுதான் மற்றக் கால் இடுப்பிலிருந்து வீசி முன்னே போகும். குதிக்கால் முதலில் தரையைத் தொடும், பிறகு பாதம் முழுவதும் உருண்டு இறங்கும். அதுவரை பின்னால் இருக்கும் கால் தரையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது இறங்குவது. வோல்ட்ஸில் ஒன்று என்ற எண்ணின் முடிவில் எழும்பத் தொடங்கி, இரண்டிலும் மூன்றிலும் தொடர்ந்து எழும்பி, மூன்றின் முடிவில் இறங்குவோம். எழும்புவது எல்லோருக்கும் பிடிக்கும். இறங்குவதை யாரும் பழகுவதில்லை. விரல் நுனியில் இருந்தபடியே அடுத்த அடிக்குத் தாவினால், உடம்பின் முழுப் பாரமும் புதுக் காலில் தட்டென்று விழும். மிஸ் கனம் என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். நிற்கிற காலிலேயே விரலிலிருந்து குதிக்கால் வரை இறங்கி, முழங்காலை மடக்கி, அதன் பிறகு புறப்படுங்கள். இந்த ஒன்றைத் திருத்தினாலே ஆட்டம் வேறாகத் தெரியும்.

நீங்கள் பெண் என்பதால் பின்னால் போகும் அடிகள் நிறைய வரும். அங்கே காலை இடுப்பிலிருந்து நன்றாகப் பின்னே நீட்டுங்கள். விரல் முதலில், பிறகு முன்பாதம். பின்காலின் குதிக்காலை உடனே கீழே போட்டுவிடாதீர்கள். முன்னால் இருக்கும் கால் திரும்பிவந்து பின்காலைக் கடக்கும் நேரத்தில்தான் அது தரையில் படிய வேண்டும். முன்காலின் விரல் சற்று எழும்ப, குதிக்கால் தரையோடு இழுபட்டு வரும். இது கெண்டைக்காலுக்குக் கடுமையான வேலை. பல பெண்கள் இதைத் தவிர்க்க உடம்பைப் பின்னால் சாய்த்துவிடுகிறார்கள், கணவருக்குக் கையில் பாரம் ஏறுகிறது.

இதெல்லாம் உங்கள் மிஸ்ஸின் சொந்த விருப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். 1904இல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் 1924இல் போல்ரூமுக்கென்று தனிப் பிரிவு அமைத்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஆசிரியர்கள் ஒவ்வோர் அடிக்கும் குதிக்காலா விரலா, எழும்புவதா இறங்குவதா என்று எழுத்தில் வகுத்தார்கள். உதாரணமாக வோல்ட்ஸில் வலப்பக்கம் திரும்பும் நெச்சுரல் டேர்னில் பெண்ணின் முதல் மூன்று அடிகள்: விரல்–குதி (விரலில் தொடங்கிக் குதிக்காலில் முடிவது), விரல், விரல்–குதி. அடுத்த மூன்று: குதி–விரல், விரல், விரல்–குதி. வகுப்பில் ஸ்டெப் சொல்லித்தரும்போது ஃபுட்வேர்க், அதாவது பாதத்தின் எந்தப் பகுதி தரையில் படும் என்று கட்டாயம் கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

வீட்டில் பழக மண்டபம் தேவையில்லை. தரையில் டைல்ஸ் இருந்தால் அதன் கோடு போதும். ஒரு கோட்டின் இரு பக்கமும் பாதங்களை இணையாக வைத்து, இசை இல்லாமல், முன்னே நாலு அடி, பின்னே நாலு அடி. ஒவ்வோர் அடிக்கும் நடுவில் நின்று பாருங்கள். எந்தக் காலில் நிற்கிறீர்கள் என்று உடனே சொல்ல முடிய வேண்டும். பிறகு போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து வோல்ட்ஸ் எண்ணுங்கள். போட்டி வோல்ட்ஸ் நிமிடத்துக்கு 28 முதல் 30 பார் (மூன்று தட்டுச் சேர்ந்தது ஒரு பார்) வரை, அதாவது 84 முதல் 90 தட்டு. 60இல் தடுமாறாமல் இறங்க முடிந்தால் 84இல் தானாக வரும். வேகமாக ஆடும்போது மறைந்துபோகிற குறையெல்லாம் மெதுவாக ஆடும்போது வெளியே வந்துவிடும்.

பரதம் படித்தது உங்களுக்குப் பெரிய பலம். தகிட என்று மூன்றை எண்ணி வளர்ந்தவருக்கு வோல்ட்ஸின் தாளம் புதிதில்லை. முதுகு நேராக நிற்கும், கழுத்து கட்டுப்பாட்டில் இருக்கும். ஆனால் இரண்டு பழக்கங்களை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஒன்று, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியில் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்பது. வோல்ட்ஸிலும் அதே வகையான ஃபொக்ஸ்ட்ரொட்டிலும் பாதங்கள் இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணவரின் காலோடு உங்கள் முழங்கால் மோதும். மற்றது தட்டு. பரதத்தில் பாதம் தாளத்தைத் தரையில் அடித்துச் சொல்கிறது. வோல்ட்ஸில் அடி சத்தமில்லாமல் வந்து சேர வேண்டும். ச்சா ச்சாவிலும் இன்னொரு லத்தீன் நடனமான ரும்பாவிலும் பாதம் கொஞ்சம் வெளியே திரும்பலாம், அங்கே உங்களுக்கு லாபம். அவற்றிலும் இடுப்பைத் தனியாக ஆட்டாதீர்கள். நேராக்கிய காலில் பாரம் முழுமையாக ஏறினால் இடுப்பு தன் வேலையைத் தானே செய்யும்.

ஜோடியைப் பிடித்து நிற்கும் விதம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கையின் கனத்தை நீங்களே தாங்குங்கள், முழங்கை தொங்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு மற்றவர்கள் முன்னால் நெருங்கி நின்று ஆடக் கூச்சம் இருக்கும், அது இயல்பு. அதற்காக அரைகுறையாக நெருங்கி இடுப்பை மட்டும் பின்னுக்கு இழுத்துக்கொண்டால் இருவருடைய சமநிலையும் போய்விடும். பழகும்வரை கொஞ்சம் தள்ளி நின்றே ஆடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, சப்பாத்துக்கு வருவோம்.

கலியாண வீட்டு ஹீல்ஸை இன்றோடு வகுப்புக்குக் கொண்டுபோவதை நிறுத்திவிடுங்கள். அந்த மாதிரிச் சப்பாத்தின் முன்பக்கம் பல நேரம் தடிப்பாக இருக்கும், தரை காலுக்குத் தெரியாது. பாதம் வளையாது. சப்பாத்தின் அடிப்பக்கம் ரப்பர் என்றால் திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், அந்த முறுக்கை முழங்கால் வாங்கும். ஓட்டச் சப்பாத்திலும் இதே ஆபத்து. நடனச் சப்பாத்தின் அடி மெல்லிய, சொரசொரப்பான ஸ்வேட் தோல். அது வழுக்கவும் செய்யும், தேவையான இடத்தில் பிடிக்கவும் செய்யும். அதன் குதி உங்கள் குதிக்காலுக்கு நேர் கீழே நிற்கும்படி செய்யப்பட்டிருக்கும். முன்பாத எரிவு இதிலேயே பாதி குறையலாம். நல்ல சப்பாத்து மாற்றிய பிறகும் வலி போகாவிட்டால், அல்லது விரல்கள் மரத்துப்போனால், வைத்தியரிடம் காட்டுங்கள், பொறுத்துக்கொண்டு ஆடாதீர்கள்.

வோல்ட்ஸ் வகைக்கு முன்பக்கம் மூடிய கோர்ட் சப்பாத்து. குதிக்கால் ஊன்றி நடப்பதால் குதி உறுதியாக இருக்க வேண்டும், துணையின் கால் பட்டால் விரலுக்கும் பாதுகாப்பு. இரண்டு முதல் இரண்டரை அங்குலம் வழக்கம். லத்தீன் வகைக்கு விரல் தெரியும் சாண்டல், நன்றாக வளையும், குதி இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை போகும். இரண்டும் படிக்கும் உங்களைப் போன்றவருக்கு நான் சொல்வது, முதலில் இவை இரண்டும் வேண்டாம். லேஸ் கட்டும், தடித்த தாழ்ந்த குதியுள்ள பிராக்டிஸ் சப்பாத்து ஒன்று வாங்குங்கள். நான் மேலே சொன்ன இறங்கும் பயிற்சி உயரக் குதியில் வராது, கணுக்கால் பயத்திலேயே இறுகிவிடும். அது கைவந்த பிறகு எந்த நடனம் உங்களை இழுக்கிறதோ அதற்குரியதை வாங்கலாம்.

அளவுதான் எல்லாவற்றையும்விடச் சிக்கல். வீட்டில் வெறுங்காலும் வெளியே செருப்புமாக வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். ஐரோப்பியச் சப்பாத்தின் சாதாரண அகலம் பலருக்குப் பத்தாது. அதற்காக ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிக்கால் கழன்று கழன்று வரும். நீளத்தைக் கூட்டாமல் அகலமான ஃபிட்டிங் கேளுங்கள். இங்கே கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் தாளில் இரண்டு பாதங்களையும் வரைந்து நீளமும் அகலமும் அளந்துகொள்ளுங்கள். போட்டதும் கையுறை மாதிரி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் விரல் மடங்கக் கூடாது. தோலும் சாட்டினும் ஆட ஆடக் கொஞ்சம் தளரும். விரல் நுனியில் எழும்பி நில்லுங்கள். குதிக்கால் பக்கம் இடைவெளி விழுந்தால் வேண்டாம். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். முன்பாதத்தில் வளைய வேண்டும், நடுவளைவில் மடங்கினால் உள்ளே அதைத் தாங்கும் கம்பி பலமில்லை.

ஃப்ரீட், சுப்பாடான்ஸ், ரே ரோஸ் போன்ற பெயர்பெற்ற சப்பாத்துகளெல்லாம் இங்கிலாந்துக் கம்பனிகளுடையவை, அவற்றை யூகே சைஸில்தான் பார்க்க வேண்டும். எங்களில் யாருக்குத்தான் லண்டனில் ஒரு சித்தியோ மச்சாளோ இல்லை? வரும்போது கொண்டுவரச் சொல்லலாம், தபால் செலவும் சுங்க வரியும் மிச்சம். ஆனால் மாற்ற முடியாது என்பதால் வரைந்த தாளின் படத்தையும் அளவுகளையும் கடைக்கு முன்கூட்டியே அனுப்பி, எந்த ஃபிட்டிங் என்று கேட்ட பிறகே வாங்கச் சொல்லுங்கள்.

அவ்வளவு செலவழிக்க இப்போது வசதி இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. காலுக்கு நன்றாகப் பொருந்துகிற, மெல்லிய அடியுள்ள, பட்டி வைத்த தாழ்ந்த குதிச் சப்பாத்து ஒன்றை எடுத்து, நல்ல சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் ஸ்வேட் ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள். மெல்லிய தோலாக, சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். முதல் வருடத்துக்கு அது தாராளமாகப் போதும். கணவருக்கு இன்னும் சுலபம். தோல் அடி போட்ட ஒஃபிஸ் சப்பாத்து இருந்தால் வோல்ட்ஸுக்கு அதுவே போதும்.

கொழும்பின் ஈரம் ஸ்வேட்டுக்கு எதிரி. அந்தச் சப்பாத்தோடு வீதியில் இறங்கவே கூடாது, கழிவறைக்கும் போகக் கூடாது. துணிப் பையில் கொண்டுபோய் மண்டபத்தில் மாற்றுங்கள். வீடு வந்ததும் பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல் ஃபேன் காற்றில் உலர விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பசை கழரும். தூசும் மெழுகும் ஏறி அடி பளபளக்கத் தொடங்கினால் கம்பி பிரஷால் ஒரே திசையில் தேயுங்கள், பிடி திரும்ப வரும். டைல்ஸ் தரை மண்டபங்களில் குதி வழுக்கும், அதற்குக் குதியில் மாட்டும் பிளாஸ்டிக் மூடிகள் உண்டு, அடியில் ஸ்வேட் ஒட்டியதாகப் பார்த்து வாங்குங்கள். பளபளப்பான பேட்டன்ட் தோல் சப்பாத்துகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஒட்டினால் உட்பக்க ஓரத்தில் ஒரு துளி ஆமணக்கெண்ணெய் தடவலாம். தரை வழுக்கவில்லை என்று பவுடர் மட்டும் கொட்டாதீர்கள், அடுத்துத் திரும்ப வருகிற ஜோடி அதில் விழக்கூடும்.