ஏஎல்எஸ் நோயாளிக்குக் குணமும் மாறுமா?

"அப்பாவுக்கு ஏஎல்எஸ். இப்போது குணமும் மாறுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?" என்பது கேள்வி.

இருக்கலாம். ஏஎல்எஸ் தசைகளை இயக்கும் நரம்புச் செல்களை அழிக்கிறது. எஃப்டிடி என்ற மறதிநோய் வகை, குணத்தையும் பேச்சையும் ஆளும் மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டையும் தாக்குகிறது. ஏஎல்எஸ் நோயாளிகள் ஏறக்குறைய எல்லோருக்கும், எஃப்டிடி உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கும், டிடிபி-43 என்ற ஒரே புரதம்தான் செல்களில் தேங்குகிறது. இது 2006-இல் தெரியவந்தது. 2011-இல் சி9ஓஆர்எஃப்72 மரபணுக் கோளாறும் பிடிபட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஏஎல்எஸ், தங்கைக்கு எஃப்டிடி என்று வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏஎல்எஸ் உள்ளவர்களில் 10–15 சதவீதத்தினருக்கு முழுமையான எஃப்டிடி வருகிறது. குணத்திலோ சிந்தனையிலோ லேசான மாற்றங்கள் பாதிப் பேர் வரை.

பெயரில் மறதி இருந்தாலும் ஆரம்பத்தில் ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதனால்தான் வீட்டில் கோட்டை விடுகிறோம். எதிலும் அக்கறையில்லாமை, அடுத்தவர் வலி உறைக்காமை, கூச்சமின்றிப் பேசுவது, இனிப்பு மேல் திடீர் ஆசை, செய்ததையே செய்வது, வார்த்தை சிக்காமல் தடுமாறுவது இவற்றைக் கவனியுங்கள். மனச்சோர்வு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சும்மா அழுகையோ சிரிப்போ பொங்குவது மட்டும் எஃப்டிடி ஆகாது. அது ஏஎல்எஸ்ஸிலேயே வரும்.

எஃப்டிடி முதலில் வந்தவரிடம் பாதம் தொங்குவது, பட்டன் போட முடியாமை, குழறல், தசைத் துடிப்பு, மெலிவு தென்பட்டால் ஏஎல்எஸ்ஸும் சேர்ந்திருக்கலாம், நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், விழுங்கச் சிரமப்படுபவர் அவசரமாக வாயில் திணித்தால் புரையேறும். சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும். சொத்து, சிகிச்சை முடிவுகளை இப்போதே பேசிவிடுங்கள்.