அங்கே போயும் சமையலா?

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் பிள்ளைகள் இருவரும் பர்மிங்ஹாமில் இருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் தென் பிரான்சுக்குப் போக நினைக்கிறோம். லாங்குதோக் திராட்சை ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வந்த ஆசை இது. ஹோட்டலுக்கும் உணவகத்துக்கும் செலவழிக்க எங்களுக்கு வசதி கிடையாது. அதனால் சமையலறையோடு ஒரு சின்ன வீடாக எடுத்து, நானே சமைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். தெரிந்தவர்கள் 'அங்கே போயும் சமையலா?' என்று சிரிக்கிறார்கள். நாங்கள் குடிப்பதும் இல்லை. வைன் ஊருக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறதா? கார்க்கஸோன், மொம்பெலியே, நீம், அவிஞ்ஞோன், பார்சலோனா எல்லாவற்றையும் ஆறு நாளில் பார்க்க ஒரு வரிசை சொல்வீர்களா? ரைஸ் குக்கர் எடுத்துப்போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ரைஸ் குக்கரை எடுத்துப்போங்கள், பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். ஊர் வரிசையை நான் தரப்போவதில்லை. ஆறு நாளில் ஐந்து நகரம், அதில் ஒன்று வேறு நாட்டில். பிள்ளைகள் நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பார்கள். கார்க்கஸோன் கோட்டைக்கு ஒரு நாள் காலையில் போய் வாருங்கள், மற்றதை அடித்துவிடுங்கள்.

என்னை உறுத்தியது வேறு. 'வசதி கிடையாது, அதனால்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். ஏம்மா, யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. விடுமுறை என்றால் யாரோ படுக்கை விரிக்க வேண்டும், யாரோ தட்டை எடுக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் போனதாகவே கணக்கில் இல்லை. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்த நாட்டின் கதை தெரியாது.

பிரான்சில் சம்பளத்தோடு விடுமுறை என்பது எல்லாத் தொழிலாளிக்கும் கிடைத்தது 1936-ல். மே மாதம் இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்த மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது, ஜூன் மாதம் நாடெங்கும் வேலைநிறுத்தம், அந்த ஜூனிலேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு வாரம். ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். கடலையே பார்த்திராத ஆலைத் தொழிலாளர்கள் கூடாரத்தோடும் சைக்கிளோடும் கிளம்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னொரு யோசனை வந்தது. கிராமங்களில் விவசாயிகள் நகரத்துக்குப் போய்விட்டதால் கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நகரத்திலோ விடுமுறை இருந்தும் தங்கக் காசில்லாத குடும்பங்கள். பூட்டிய வீட்டைச் சீர்செய்ய விவசாயிக்கு உதவி கொடுத்து, அதை அந்தக் குடும்பங்களுக்கு வார வாடகைக்கு விடச் சொன்னால் என்ன? எமில் ஒபேர் என்ற செனட்டர் இதற்காக அலைந்தார். 1951-ல் ஆல்ப்ஸ் மலையோரக் கிராமம் ஒன்றில் முதல் வீடு திறந்தது. 1955-ல் நாடு முழுவதற்குமான கூட்டமைப்பு வந்தது. 'ஜீத்' என்று சொல்கிறார்களே, நீங்கள் எடுக்கப்போகும் அந்த வீட்டின் பிறப்பு இதுதான். அடுப்பும் பாத்திரமும் அதில் முதலிலிருந்தே உண்டு. உங்களைப் போன்ற குடும்பத்தை நினைத்தே கட்டிய ஏற்பாட்டில், உங்கள் வீட்டுக்குள் நீங்களே தலைகுனிந்து நுழைகிறீர்கள்.

லாங்குதோக்கும் அப்படிப்பட்ட பூமிதான். வைன் என்றதும் எல்லாருக்கும் கோபுரம் வைத்த மாளிகை ஞாபகம் வருகிறது. அது போர்தோ பகுதி. இங்கே பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயிகள். சர்க்கரையைக் கரைத்துச் செய்த கலப்பட வைன் ஒரு பக்கம், மிஞ்சிய விளைச்சல் ஒரு பக்கம் என்று விலை விழுந்து அடுப்பெரியாத நிலை வந்தபோது, 1907 மார்ச்சில் அர்ஷெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் பக்கத்து நார்பொன் நகரத்துக்கு நடந்து போனார்கள். ஜூனில் மொம்பெலியேயில் கூடியவர்கள் பல லட்சம். அரசு ராணுவத்தை அனுப்பியது, நார்பொன்னில் சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள். 17-ஆம் படைப்பிரிவின் சிப்பாய்கள், பலரும் அந்த மண்ணின் பிள்ளைகள், சொந்த ஜனத்துக்கு எதிராக நிற்க மறுத்து பெசியே நகரத்துக்கு நடந்தார்கள். அந்த மாதமே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. இதற்கு முன்பே, 1901-ல், பெசியே பக்கத்து மரோசானில் சிறு விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து பாரிஸ் தொழிலாளர்களின் கூட்டுறவுக் கடைகளுக்கு நேரடியாக வைன் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். இன்றும் அந்தப் பக்கத்து ஊர்களில் கோவிலுக்கு அடுத்தபடி பெரிய கட்டடம் பெரும்பாலும் விவசாயிகள் திராட்சையைக் கொண்டுவந்து சேர்த்து வைன் ஆக்கும் கூட்டுறவுக் கிடங்குதான்.

லாங்குதோக்கின் மினெர்வுவா பகுதியில் நான் ஒருமுறை தங்கிய வீடு அப்படியொரு கிடங்குக்கு எதிரில் இருந்தது. அறுவடை தொடங்கியிருந்தது. விடிவதற்குள் டிராக்டர்கள் வரிசையில் நின்றுவிடும், தொட்டி நிறைய கறுப்புத் திராட்சை, தெரு முழுக்கப் புளித்த வாசனை. ஒரு குழாய் மேலிருந்து இறங்கிச் சாற்றை உறிஞ்சிப் பார்க்கும். பலகையில் எண் ஒளிரும். சாற்றில் சர்க்கரை எவ்வளவு, அது எத்தனை டிகிரி வைன் ஆகும் என்ற கணக்கு. டிராக்டரில் இருப்பவர் பேச்சை நிறுத்தி அந்த எண்ணையே பார்ப்பார். என் அப்பா கரும்பு வண்டியோடு ஆலை வாசலில் இரவெல்லாம் காத்துக் கிடந்தவர். எடை போடும்போது அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். அதே முகம். ஆனால் அப்பாவின் கரும்புக்கு விலை சொன்னது ஆலை. இங்கே கிடங்கே டிராக்டரில் இருப்பவர்களுடையது. அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு அப்பாவின் மேல் வந்த இரக்கத்தையும், வந்த கோபத்தையும் இன்றுவரை சரியாக எழுத முடிந்ததில்லை.

குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன என்று கேட்டீர்கள். நெல் விளையும் ஊருக்குப் போகிறவர் சோறு தின்றே ஆக வேண்டுமா? ஆகஸ்ட் கடைசியில் வெள்ளைத் திராட்சை அறுப்பு பல இடங்களில் தொடங்கியிருக்கும், பிள்ளைகள் பார்க்கட்டும். திராட்சைச் சாறு விற்கும் கிடங்குகளும் உண்டு.

இன்னொன்றும் பார்க்கட்டும். சாலையோரம் வேரோடு பிடுங்கிக் குவித்த கொடிகள். 1960-களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் வைன் குடித்தார், இன்று அதில் பாதிகூட இல்லை. ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுத்து நிரந்தரமாகப் பிடுங்கச் சொன்னது அரசு. 2025 ஆகஸ்டில் பக்கத்து கோர்பியேர் மலையில் பிடித்த தீ 16,000 ஹெக்டேரைத் தின்றது. பச்சைக் கொடி வரிசைகள் தீயைத் தடுத்து நிறுத்துபவை. அவை போன இடத்தில் புதர் மண்டுகிறது, புதர் எரிகிறது. உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்களில் பள்ளியும் ரொட்டிக்கடையும் நிற்க வேண்டுமானால் யாராவது அங்கே ஒரு வாரம் இருந்து, அந்தக் கடையில் ரொட்டியும் அந்தச் சந்தையில் தக்காளியும் வாங்க வேண்டும். சமையலறை உள்ளவர்தான் தக்காளி வாங்குவார்.

சந்தையில் முலாம்பழம் கேட்டால் விற்கிறவர் உங்களைத் திருப்பிக் கேட்பார்: இன்றைக்கா, நாளைக்கா? இன்றைக்கு என்றால் மதியத்துக்கா, இரவுக்கா? சொன்னதற்கு ஏற்றபடி முகர்ந்து, காம்பை அழுத்திப் பார்த்து ஒன்றை எடுத்துத் தருவார். ஹோட்டலில் தங்குகிறவரை இந்தக் கேள்வி யாரும் கேட்பதில்லை. அந்த வாரம் உங்களுக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது, இரவுச் சாப்பாடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசுகிறார் அவர்.

நார்பொன் சந்தைக் கட்டடத்தில் மத்தி கிடைத்தால் வாங்குங்கள். அந்த வெயிலில் பழுத்த தக்காளியைப் போட்டு மீன் குழம்பு வையுங்கள், புளி கொஞ்சம் குறைத்து. நான் வைத்திருக்கிறேன், ஊரில்கூட அப்படி அமைந்ததில்லை.

இப்போது உங்கள் கணவருக்கு. 'நானே சமைத்துவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'நானே' எனக்குப் பிடிக்கவில்லை. வருடம் முழுக்க பர்மிங்ஹாமில் நின்ற அதே அடுப்பின் முன், வேறு ஜன்னல் வைத்து உங்களை ஒரு வாரம் நிறுத்தினால், சிரித்தவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். 1936-ல் ஓய்வு கேட்டுப் போராடியவர்களின் வீடுகளிலும் அடுப்படிக்கு யாரும் விடுமுறை விடவில்லை. நீங்கள் விடுங்கள். ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் பிள்ளைகள் ரொட்டியும் சீஸும் பழமும் வெட்டி வைக்கட்டும். பாத்திரம் கழுவுவதும் அதே முறைதான். இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், அங்கே போய்ப் பேசினால் சண்டையாகும்.

அப்புறம், நடைமுறைக்குச் சில. கோடையில் வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. பிரெஞ்சுப் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில் திறப்பதால் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு வாடகை இறங்கும், நாளை மாற்றாதீர்கள். படுக்கை விரிப்பும் துண்டும் வாடகைக்குள் அடங்குமா, கிளம்பும்போது சுத்தம் செய்வது யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார் இல்லாமல் அந்தக் கிராமங்களில் முடியாது. வறண்ட நாட்களில் வெளியே நெருப்பு மூட்டத் தடை இருக்கும், காட்டுப் பாதைகளை மூடியிருப்பார்கள். வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே கேளுங்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு கடை திறந்திருக்காது, திங்களன்றும் பல கடைகள் மூடல். வந்த சனிக்கிழமையே அரிசி, பால், வெங்காயம் வாங்கி வைத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மினெர்வுவாவின் ஒலோன்ஸாக் ஊரில் சந்தை. மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள், ஒன்பது மணிக்கே போய்விடுங்கள்.

அன்புடன்.