பத்திரம் மட்டும் போதாது, அரசிதழ் வேண்டும்

நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கியும், ஆதாரில் புதுப் பெயரை ஏற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலைப்பட வேண்டாம், நீங்கள் பாதி வழி வந்துவிட்டீர்கள். எழுத்துப் பிழை என்றால் வேறு ஆவணங்களை வைத்தே திருத்தலாம். நீங்களோ பெயரையே மாற்றுகிறீர்கள். அதற்குத் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வரவேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறைக்கு விண்ணப்பியுங்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, புதுப் பெயர் எல்லாம் நீங்கள் தருகிறபடியே அச்சாகும். தவறு வந்தால் பொறுப்பு விண்ணப்பித்தவருக்குத்தான். முக்கியமாக இனிஷியல்! முன்னால் வருமா, பின்னால் வருமா, விரிவாக எழுதுவீர்களா என்பதை இப்போதே முடிவு செய்து, எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதை வீணாக்கிவிடாதீர்கள்.

அரசிதழ் கைக்கு வந்ததும் முதலில் ஆதார், அப்புறம் பான், வங்கி. பள்ளிச் சான்றிதழில் பழைய பெயரே இருக்கட்டும், அரசிதழ் நகலை அதோடு சேர்த்துக் காட்டினால் சரி. பழைய பெயரில் உள்ள அடையாள அட்டை நகல்களையும் பத்திரமாக வையுங்கள், கேட்பார்கள்.