மர இறக்கையை எவ்வளவு பெரிதாகச் செதுக்கலாம்?

கேள்வி: தென்காசிப் பக்கம் தோட்டத்தில் 2.4 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை நாங்களே செய்து ஓட்டுகிறோம். மூன்று இறக்கைகளும் மரத்தில் செதுக்கியவை. அதே ஆல்டர்நேட்டரில் (சுழற்சியை மின்சாரமாக்கும் பாகம்) 5 மீட்டர் விட்டத்துக்கு இறக்கை மாட்ட நினைக்கிறோம். மரம் தாங்குமா?

பதில்: 5 மீட்டர் வேண்டாம். பலத்த காற்றில் வால் மடங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வகைக் காற்றாலை என்றால், கைச்செதுக்கலில் 3 மீட்டர் வரை நிம்மதியாகப் போகலாம். 3.6 மீட்டருக்கு நல்ல அனுபவம் வேண்டும். 4.2 மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் ஸ்கோரைக்கில் இவ்வகைக் காற்றாலைகளைச் செய்து பலருக்கும் கற்றுக்கொடுத்த ஹியூ பிகாட்டின் வடிவமைப்புகளும் 1.2 மீட்டரில் தொடங்கி 4.2 மீட்டரில் முடிகின்றன.

இதற்குக் காரணம் மரத்தின் பலவீனம் என்று எண்ண வேண்டாம். ஓயாமல் வளைந்து நிமிரும் வேலைக்கு மரம் மிக நல்ல பொருள். அலுமினியம் களைத்து விரிசல் விடும் இடத்திலும் மரம் நிற்கும். 1980களின் தொடக்கத்தில் ஹவாயில் ஓடிய 200 கிலோவாட் காற்றாலையில், மெல்லிய மரத்தகடுகளை எபாக்சி என்ற வலுவான பசையால் ஒட்டிச் செய்த 60 அடி நீள இறக்கைகளை மாட்டினார்கள். ஆனால் அது தொழிற்சாலை வேலை.

பெரிதாக்கும்போது மாறுவது என்ன? இறக்கை நுனி காற்றைப்போல் 6 மடங்கு வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் நுனிவேகம் 60 மீட்டர். இது எந்த விட்டத்துக்கும் ஒன்றுதான், சுழற்சிதான் குறையும்: 2.4 மீட்டருக்கு நிமிடத்துக்கு சுமார் 480 சுற்று, 3 மீட்டருக்கு 380, 4.2 மீட்டருக்கு 270. அதனால் மையவிலக்கு விசையால் மரத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விழும் இழுப்பு பெரிதாகக் கூடுவதில்லை. கூடுவது எடை. 3 மீட்டரை 4.2 ஆக்கினால் கிடைக்கும் மின்சாரம் சுமார் இரண்டு மடங்கு. இறக்கையின் எடையோ இரண்டே முக்கால் மடங்கு.

அந்த எடை சுழன்றுகொண்டிருக்கும்போது காற்றாலை திசை திரும்பினால், இறக்கையின் அடிப்பகுதி முன்னும் பின்னுமாக முறுக்கப்படும். ஒரே வேகத்தில் திரும்புவதாக வைத்தால், 3 மீட்டரிலிருந்து 4.2க்குப் போகையில் இந்த முறுக்கு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அடிப்பகுதியின் பலம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கே ஆடி மாதத்தில் காற்று விட்டுவிட்டு அடிக்கும், வால் அடிக்கடி அலையும். அடிப்பகுதி உடைவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டே இறக்கை என்றால் இது அதிர்வாகவே வரும், மூன்றே வையுங்கள்.

உங்கள் திட்டத்தில் இதைவிட ஆபத்தானது பழைய ஆல்டர்நேட்டர். 2.4 மீட்டர் விட்டம் 10 மீட்டர் காற்றில் சுமார் 800 வாட் தரும். 5 மீட்டர் என்றால் சுமார் 3,500 வாட். அவ்வளவு முறுக்குவிசையைச் சின்ன ஆல்டர்நேட்டரால் பிடித்து நிறுத்த முடியாது, சுற்று தறிகெட்டு ஏறும். சுற்று இரட்டித்தால் மையவிலக்கு விசை நான்கு மடங்கு. 3 மீட்டர் விட்டத்தில் இரண்டரை கிலோ எடையுள்ள ஒரு இறக்கை சாதாரணமாகவே சுமார் 200 கிலோ விசையில் வெளியே இழுக்கிறது. தறிகெட்டால் 800 கிலோ. பேட்டரி இணைப்பு அறுந்து ஆல்டர்நேட்டருக்குச் சுமை இல்லாமல் போனாலும் இதே கதிதான். அமெரிக்கப் பண்ணைகளில் 1930களிலிருந்து ஓடிய ஜேக்கப்ஸ் காற்றாலைகளும் சுமார் 14 அடி விட்டத்தில் மர இறக்கை கொண்டவையே, ஆனால் வேகம் ஏறினால் இறக்கையின் கோணத்தையே திருப்பும் கவர்னர் என்ற கருவி அவற்றில் இருந்தது. விட்டத்தைக் கூட்டினால் ஆல்டர்நேட்டர், வால், டவர், டவரை இழுத்துக் கட்டும் கம்பிகள் எல்லாமே புதிதாகக் கணக்குப் போட வேண்டியவை.

அடுத்தது மரம். 2.4 மீட்டருக்கு 1.2 மீட்டர் நீளம், 150 மி.மீ. அகலம், 40 மி.மீ. தடிமன் கொண்ட மூன்று பலகை போதும். 3 மீட்டருக்குப் பலகை நீளம் 1.5 மீட்டர், அகலம், தடிமன் இரண்டையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள். அதற்கு மேல் முடிச்சில்லாத ஒற்றைப் பலகை கிடைப்பது அரிது. எபாக்சியால் அடுக்கி ஒட்டுவதே வழி, நார் எல்லா அடுக்கிலும் நீளவாக்கில் இருக்கட்டும். நார் 15 அங்குலத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் சாய்ந்தால் அந்தப் பலகையைத் தள்ளிவிடுங்கள். இறக்கையின் அடிப்பக்கத்து மூன்றில் ஒரு பாகத்தில் முடிச்சே கூடாது. நம் ஊரில் குமிழ் நல்ல தேர்வு: இலகு, கோணிக்கொள்ளாது, செதுக்கவும் சுலபம். தேக்கு உறுதியானது, மழைக்கும் அசையாது. எடைதான் கூடுதல், 3 மீட்டரைத் தாண்டினால் நான் பரிந்துரைக்க மாட்டேன். யூகலிப்டஸ் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 12 சதவீதம் அளவில்.

மூன்று இறக்கையும் ஒரே மரத்தின் ஒரே துண்டிலிருந்து வந்தால் சமன் செய்வது எளிது. எடை சமமாக இருந்தால் மட்டும் போதாது, எடைமையமும் ஒரே தூரத்தில் விழ வேண்டும். 3 மீட்டர் விட்டத்தில் நுனியில் 20 கிராம் பிசகினால், நொடிக்கு ஆறு தடவை 5 கிலோ விசை டவரை உலுக்கும். நுனியின் வெட்டுமுகத்தை எபாக்சியால் நன்றாக அடையுங்கள். ஒரு இறக்கை மட்டும் மழைநீர் குடித்தாலும் சமன் கெடும். முன்விளிம்பை மழைத்துளி அரிக்கும், அங்கே எபாக்சி பூச்சோ பாலியூரித்தேன் டேப்போ வேண்டும்.

அடிப்பகுதியை 120 பாகையில் வெட்டிச் சேர்த்து, முன்னும் பின்னும் 12 மி.மீ. நீர்புகாப் பிளைவுட் தட்டு வைத்துத் திருகுங்கள். கோடையில் மரம் சுருங்கும், போல்ட் தளரும். ஓடத் தொடங்கிய முதல் மாதத்தில் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் வைகாசியில், காற்று வலுக்கும் முன்பும் டவரை இறக்கி இறுக்கிவிடுங்கள்.